இருபத்துநான்கு துளைகளின் பணிமூப்பு

மனித குலம் தோன்றிய நாளிலிருந்து எத்தனையோ பங்கீடுகள் நடந்திருக்கின்றன. நிலத்தைப் பங்கிட்டார்கள், நீரைப் பங்கிட்டார்கள், அண்ணன் தம்பிகள் வீட்டுக்குக் குறுக்கே சுவர் வைத்துக் கிணற்றையும் பங்கிட்டார்கள். ஆனால் முந்நூற்று எழுபது வாட் மின்சாரத்தை இருபத்துநான்கு துளைகளுக்கு, துளி மனக்கசப்பும் இல்லாமல், பதவி வாரியாகவும் பணிமூப்பு வாரியாகவும் பங்கிட்ட பெருமை இந்த உலகத்தில் ஒரே ஒருவரைத்தான் சேரும். அவர் அந்த மருத்துவமனையின் திட்ட அலுவலர்.

திட்ட அலுவலர் என்றால் திட்டம் போடுகிறவர் என்று எண்ணிவிடக் கூடாது. பெரியவர்கள் போட்ட திட்டத்துக்குப் பொருத்தமான விதியைக் கண்டுபிடிக்கிறவர். அதற்கு முன்பு அவர் நெடுங்காலம் பணியாளர் பிரிவில் இருந்தார். யார் யாருக்கு மூத்தவர், யார் எப்போது நிரந்தரமானார் என்பதைத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பேருந்தில் ஏறினால்கூட, உட்கார்ந்திருப்பவர்களை வயது வாரியாக மனசுக்குள் எழுப்பி மாற்றி உட்கார வைக்காவிட்டால் அவருக்கு நிம்மதி வராது.

மருத்துவமனை புதிதாக ஓர் எலும்பு வார்டு கட்டியது. அதில் எல்லாமே ‘நவீனம்’. கேமராக்கள், வைஃபை பெட்டிகள், வரவேற்புக் கூடத்தில் பெரிய திரைகள், மாடியில் இயக்குநரின் அறைக்கு வெயிலுக்கும் மழைக்கும் தக்கபடி நிறம் மாறும் இரண்டு விளக்குகள், கடைசியாக நோயாளிகளின் கட்டிலோரம் அழைப்பு மணிகள். இவற்றுக்குத் தனித்தனியாக மின்கம்பி இழுக்க வேண்டியதில்லை. நெட்வொர்க் கம்பி ஒன்று போதும். தகவலும் அதிலேயே ஓடும், மின்சாரமும் அதிலேயே ஓடும். எல்லாக் கம்பிகளும் வந்து சொருகிக்கொள்ளும் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். அந்தப் பெட்டியை வாங்கத்தான் கூட்டம் கூடியது.

"மொத்தம் எத்தனை சாமான்?" என்று கேட்டார் இயக்குநர்.

"இருபத்துநாலு சார்" என்றார் நெட்வொர்க் இன்ஜினியர். எதைப் பார்த்தாலும் இது எத்தனை வாட் என்று கேட்கிற பழக்கத்தால் அவருக்கு ‘எத்தனை வாட்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"பெட்டியில எத்தனை ஓட்டை?"

"இருபத்துநாலு சார்."

"அப்புறம் எதுக்குய்யா கூட்டம்? வாங்கிட வேண்டியதுதானே?"

"ஓட்டை சரியா இருக்கு சார். கரண்ட்தான் பத்தாது. இந்தப் பெட்டி மொத்தமா குடுக்கிறது முந்நூத்தி எழுபது வாட். நம்ம சாமான் எல்லாம் சேர்ந்து கேக்கிறது நானூத்தி நாலு."

மக்கள் தொடர்பு அலுவலர் விளம்பரத் தாளைத் தூக்கிக் காட்டினார். "ஒரு ஓட்டைக்கு முப்பது வாட்னு முதல் பக்கத்துலயே கொட்டை எழுத்துல போட்டிருக்கே?"

"ஒரு ஓட்டைக்கு முப்பது வரைக்கும் குடுக்கும். எல்லா ஓட்டைக்கும் ஒரே நேரத்துல முப்பது முப்பதா குடுக்காது. அது கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல இருக்கு."

"கடைசிப் பக்கத்தை உங்களை யாரு படிக்கச் சொன்னது?" என்று இயக்குநர் வருத்தத்தோடு கேட்டார்.

எத்தனை வாட் அசரவில்லை. இதே இருபத்துநான்கு துளையில் இரண்டு மடங்கு மின்சாரம் தரும் பெரிய பெட்டி ஒன்று உண்டு என்றார். இன்றைக்கு இருக்கிற சாமானுக்கு மட்டும் கணக்குப் பார்க்கக் கூடாது, நாளைக்கு வரப்போகிறதற்கும் கொஞ்சம் இடம் விட்டு வாங்க வேண்டும் என்றார். கூட்டம் அவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டது. பிறகு, ஒருமனதாக, பெரிய பெட்டியை நிராகரித்தது.

காரணம் பணம் என்று யாரும் தவறாக நினைக்க வேண்டாம். காரணம் அலமாரி. வரவேற்புக் கூடத்தில் மாடிப்படிக்குக் கீழே, எல்லாரும் பார்க்கிற இடத்தில், ஸ்விட்சுக்காக ஒரு கண்ணாடி அலமாரி முன்கூட்டியே செய்து வைக்கப்பட்டிருந்தது. பெரிய பெட்டியை வைத்தால் அலமாரிக் கதவு மூடாது. கதவில்தான் இயக்குநரின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. கதவு திறந்தே கிடந்தால் பெயர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இதற்குப் பிறகும் பெரிய பெட்டி வேண்டும் என்று சொல்ல எத்தனை வாட்டுக்கு மனசு வரவில்லை.

"முப்பத்துநாலு வாட்தானே குறையுது? இதை ‘நிர்வாக ரீதியா’ சமாளிக்க முடியாதா?" என்றார் இயக்குநர்.

எல்லாத் தலைகளும் திட்ட அலுவலர் பக்கம் திரும்பின. அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"கரண்ட் பத்தலைன்னா பெட்டி என்ன பண்ணும்?"

"எந்த ஓட்டை முக்கியம், எது முக்கியமில்லைன்னு நாம முன்னாடியே சொல்லி வைக்கலாம் சார். பத்தாமப் போனா கீழே இருக்கிறதை அதுவே அணைச்சிடும்."

"சொன்னபடி செய்யுமா?"

"செய்யும்."

"எதுக்குன்னு கேக்காது?"

"கேக்காது சார். பெட்டி சார் அது."

திட்ட அலுவலருக்குக் கண் கலங்கியது. பணியாளர் பிரிவில் இத்தனை காலம் குப்பை கொட்டியும் இப்படிப்பட்ட ஓர் ஊழியரை அவர் சந்தித்ததே இல்லை. அந்த நெகிழ்ச்சியிலேயே விதியும் பிறந்தது. துளைகளுக்கும் பணிமூப்பு. சாமானை யார் பயன்படுத்துகிறாரோ அவருடைய பதவிதான் சாமானின் பதவி. பதவி சமமானால், முதலில் வாங்கப்பட்ட சாமான் மூத்தது.

விதி வந்ததும் வேலை மளமளவென்று நடந்தது. இயக்குநரின் விளக்குகள் முதலிரண்டு துளைகளில் பொறுப்பேற்றன. திரைகள் மக்கள் தொடர்புக்கு வேண்டியவை, அவை அடுத்து. வைஃபை பெட்டிகளை எத்தனை வாட் பிடிவாதமாக வாதாடி மேலே ஏற்றிக்கொண்டார். ஏற்றிய பிறகு அவர் வாட் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். கேமராக்கள் பழைய கட்டடத்திலிருந்து இடமாற்றத்தில் வந்தவை, மூத்தவை. மிச்சம் இருந்தது ஆறு அறைகளின் ஆறு மணிகள்.

"மணியை யாரு பயன்படுத்துறது?" என்று கேட்டார் திட்ட அலுவலர்.

"நோயாளிங்க."

"அவங்க நம்ம ஊழியரா?"

"இல்லை சார்."

"பதவி?"

எத்தனை வாட் கொஞ்ச நேரம் யோசித்தார். "படுத்திருக்கிறது சார்."

"வாங்கினதும் கடைசியா. அப்படின்னா ‘தகுதிகாண் பருவம்’. கடைசி ஆறு துளை."

வார்டு சிஸ்டரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். நாற்காலி பற்றாததால் கூப்பிடவில்லை. அந்த வார்டு சிஸ்டர் திட்ட அலுவலரின் மனைவி. வீட்டில்தான் பார்க்கிறோமே என்று திட்ட அலுவலரும் விட்டுவிட்டார்.

வெள்ளோட்டம் பார்த்த அன்று இயக்குநர் வெளியூரில் இருந்தார். அவருடைய அறை பூட்டியிருந்தது, விளக்குகள் அணைந்திருந்தன. அவை கேட்காமல் விட்ட நாற்பது வாட்டில் மணிகள் ஆறும் கணீரென்று அடித்தன. எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தை நிர்வாகம் வென்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் திட்ட அலுவலரின் அம்மாவுக்கு முட்டி மாற்ற வேண்டி வந்தது. மகன் திட்டமிட்ட வார்டு, மருமகள் சிஸ்டர். அம்மா ராஜமரியாதையோடு வந்து படுத்தார். அறுவைசிகிச்சை முடிந்ததும் டாக்டர் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "கட்டிலை விட்டுத் தனியா இறங்கவே கூடாதும்மா. எது வேணும்னாலும் மணியை அமுக்குங்க. ஒரு தடவை சறுக்கினா போதும், மறுபடி முட்டியைத் திறக்கணும். இந்த வயசுல அது வேண்டாம்."

அம்மா தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் அழைப்பையெல்லாம் எடுத்து, உரிய இடத்தில் சேர்த்துவிட்டவர். மணியின் அருமை அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை.

"என்னங்க" என்றார் மனைவி அன்று சாயங்காலம், வீட்டில், வெங்காயம் நறுக்கிக்கொண்டே. "உங்க இயக்குநர் கார் கேட்டுக்குள்ள நுழைஞ்சா எங்க மணி செத்துப்போகுது. அவர் கிளம்பிப் போனா உசிரு வருது. இது என்ன கூத்து?"

திட்ட அலுவலருக்குக் கணக்கு சட்டென்று விளங்கிவிட்டது. அதனால் பதில் நிதானமாக வந்தது. "சாகலை. அதுக்குப் பேரு ‘தற்காலிகப் பணிவிலக்கு’. மேல இருக்கிறவர் வந்தா கீழ இருக்கிறவர் இடம் விடணும். எல்லா ஆபீஸ்லயும் இருக்கிறதுதான்."

"அத்தை இன்னிக்கு தண்ணிக்கு அமுக்கி அமுக்கி விரல் செவந்துபோச்சு. நான் தற்செயலா எட்டிப் பார்த்தேன், அதனால தெரிஞ்சுது."

"நீதான் அங்கேயே இருக்கியே?"

"ஆறு ரூம். ஒரு ரூம்ல ரெண்டு கட்டில். எனக்குக் கால் ரெண்டுதாங்க. பெரிய பெட்டி வாங்குங்க. இல்லைன்னா அந்த ரெண்டு லைட்டை அணைக்கச் சொல்லுங்க."

"இயக்குநர்கிட்ட போய் லைட்டை அணைங்கன்னு யாரு சொல்றது?"

"நீங்கதான்."

"நான் சொன்னா என் லைட்டை அணைச்சிடுவாரு."

மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தார். வெங்காயத்தால் கண்ணில் நீர் நின்றது. வெங்காயம்தான் என்று திட்ட அலுவலர் முடிவு செய்துகொண்டார்.

ஆனாலும் அவர் கல்நெஞ்சர் இல்லை. மறுநாள் அம்மாவிடம் போய் ஒரு கைபேசியைக் கொடுத்தார். "ஏதாவது வேணும்னா எனக்கு போன் பண்ணும்மா. நான் அவளுக்கு போன் பண்றேன். அவ உடனே வந்துடுவா."

அம்மா கைபேசியையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். "அவ எங்கே இருக்கா?"

"பக்கத்து ரூம்லதான்."

"பக்கத்து ரூம்ல இருக்கிறவளைக் கூப்பிட, ஆபீஸ்ல இருக்கிற உனக்குப் பேசணுமாக்கும்?"

"அதுக்குப் பேரு ‘மாற்று ஏற்பாடு’ம்மா."

"எங்க எக்ஸ்சேஞ்ச்ல ஒரு அழைப்பை இப்படிச் சுத்தி விட்டிருந்தா, என்னை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்கடா."

இதற்கிடையில் வரலாற்றுச் சிறப்புமிக்க ஒரு கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. கண்டுபிடித்தவர் மக்கள் தொடர்பு அலுவலர். வரவேற்புக் கூடத்துத் திரையில் ‘காத்திருக்கும் அழைப்புகள்’ என்று ஓர் எண் ஓடும். இயக்குநர் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் அந்த எண் பூஜ்யமாகவே இருப்பதை அவர் கவனித்தார். இயக்குநர் வீட்டுக்குப் போனால் மூன்று, நான்கு என்று ஏறியது. அவர் அதைக் கூட்டத்தில் குரல் தழுதழுக்க அறிவித்தார்.

"சார், நீங்க இருக்கும்போது ஒரு நோயாளிக்குக்கூட ஒரு குறையும் இல்லை. நீங்க போனதும் வலிக்க ஆரம்பிச்சிடுது."

இயக்குநர் அடக்கமாகத் தலை குனிந்தார். "நானும் கொஞ்ச நாளா உணர்றேன். வெளியில சொல்லிக்கிட்டதில்லை."

‘இருப்பு மருத்துவம்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கொடுக்கிற மருந்தைவிட, மாடியில் ஒருவர் இருப்பது குணமளிக்கிறது என்னும் தத்துவம். அந்தப் பலன் நோயாளிகளுக்கு மேலும் கிடைக்கட்டும் என்று இயக்குநர் தியாக உணர்வோடு ஒரு முடிவெடுத்தார். இனி காலையில் சீக்கிரமே வருவார், இருட்டிய பிறகுதான் போவார். அறை விளக்குகள் வண்ணம் மாறி மாறி எரிந்துகொண்டே இருக்கும்.

திட்ட அலுவலர் வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தார், அதை மறுக்க முடியாது. அதற்குள் இயக்குநர் அவர் தோளில் கை வைத்தார். "துணை இயக்குநர் பதவிக்கு ஆள் தேடிக்கிட்டு இருக்கேன். விதி தெரிஞ்ச ஆளா வேணும்." திறந்த வாயைச் சும்மா மூடினால் நன்றாக இராது என்று, "நன்றி சார்" என்று சொல்லி மூடிக்கொண்டார்.

‘அழைப்பில்லா வார்டு’ பாராட்டு விழாவை வரவேற்புக் கூடத்திலேயே வைத்தார்கள். சிறப்பு விருந்தினருக்குப் பட்டு விரித்த நாற்காலி போட்டார்கள். நர்ஸ்கள் எல்லாரும் வந்து வரிசையாக நின்று கைதட்ட வேண்டும் என்று உத்தரவு. "வார்டை யார் பார்த்துக்கிறது?" என்று கேட்ட மனைவிக்கு மக்கள் தொடர்பு அலுவலர் திரையைச் சுட்டிக் காட்டினார். அழைப்புகள் பூஜ்யம். பூஜ்யம் பேருக்கு எத்தனை நர்ஸ் வேண்டும்?

திட்ட அலுவலர் மேடையில் உட்கார்ந்திருந்தார். இயக்குநர் பேச ஆரம்பித்ததும் அவருடைய சட்டைப் பையில் கைபேசி நடுங்கியது. விழாவை முன்னிட்டு ஒலியை அடக்கி வைத்திருந்தார். யாரென்று எடுத்துப் பார்க்கவில்லை, பார்க்காமலே தெரிந்தது. நடுக்கம் நின்றது. இயக்குநர் தன்னுடைய இளமைப் பருவத்துக்கு வந்தார். கைபேசி மறுபடி நடுங்கியது. இது முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தார். இயக்குநர் இளமைப் பருவத்திலேயே தங்கிவிட்டார். கைபேசி மூன்றாம் முறையும் நடுங்கி நின்றது. அதன்பின் அது நடுங்கவே இல்லை.

"நோயாளி கூப்பிடாததே நம்ம வெற்றி!" என்று இயக்குநர் முழங்கினார்.

வார்டுக் கதவு திறந்தது. நடைச்சட்டத்தைப் பிடித்தபடி அம்மா நின்றார். ஒரு காலை வைத்தார், சட்டத்தை நகர்த்தினார், மறு காலை இழுத்தார். முகமெல்லாம் வியர்வை.

மக்கள் தொடர்பு அலுவலர் பாய்ந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். "பாருங்கள்! முட்டி மாற்றிக்கொண்ட தாய், யாருடைய துணையுமின்றி, தானே நடந்து வந்து நம்மை வாழ்த்துகிறார்! இதுவல்லவோ இருப்பு மருத்துவம்!"

கூடம் அதிரக் கைதட்டியது. மனைவி வரிசையை உடைத்துக்கொண்டு ஓடி, அத்தையைத் தாங்கிப் பிடித்து, கண்ணில் பட்ட முதல் நாற்காலியில் உட்கார வைத்தார். அது இன்னும் வந்து சேராத சிறப்பு விருந்தினரின் நாற்காலி.

"ஏன் அத்தை இறங்கினீங்க? கீழ விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"பாத்ரூம் போகணும்மா" என்றார் அம்மா. மெல்லத்தான் சொன்னார், ஒலிவாங்கி பக்கத்தில் இருந்தது. "காலையிலேருந்து அமுக்குறேன். இவனுக்கு மூணு தடவை போன் போட்டேன். வேலையா இருப்பான், பாவம்னு உன்னைத் தேடி நானே கிளம்பிட்டேன்."

திட்ட அலுவலர் அம்மாவின் காலைப் பார்த்தார். கட்டுப் போட்ட முட்டி தன்னிச்சையாக ஆடிக்கொண்டிருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்த நடைச்சட்டம் ஓரிடத்தில் சறுக்கியிருந்தால் மறுபடி முட்டியைத் திறக்க வேண்டியிருக்கும். பாவம் என்று அம்மா சொன்னதுதான் தாங்க முடியவில்லை, திட்டியிருந்தால்கூட மேடையிலேயே உட்கார்ந்திருப்பார்.

இறங்கி நடந்தார். மாடிப்படிக்குக் கீழே போய், இயக்குநரின் பெயர் பொறித்த கதவைத் திறந்தார். பெயர் சுவரைப் பார்த்துத் திரும்பியது. எந்தத் துளை யாருடையது என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒன்றையும் இரண்டையும் பிடுங்கினார்.

"சார், என்ன பண்றீங்க?" என்றார் எத்தனை வாட்.

"பதவி இறக்கம்" என்றார் திட்ட அலுவலர்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. இயக்குநர் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்காகத் தொண்டையைச் செருமினார். அப்போது வார்டின் கோடியில் ஒரு மணி அடித்தது. அதன் மேலேயே இன்னொன்று. மூன்றாவது, நான்காவது. அம்மாவின் அறையில் பக்கத்துக் கட்டில்காரர் விட்டு விட்டு அமுக்கியது தனியாகக் கேட்டது. திரையில் பூஜ்யம் கலைந்து எண் மடமடவென்று ஏறி ஆறில் நின்றது. அதற்கு மேல் ஏற மணி இல்லை. வரிசையில் நின்ற நர்ஸ்கள் வார்டுக்குள் ஓடினார்கள்.

இயக்குநர் திகைத்துப்போய் ஒலிவாங்கியிலேயே கேட்டார். "என்ன இது? எல்லாரும் ஒரே நேரத்துல எதுக்குக் கூப்பிடுறாங்க?"

மருமகளின் தோளைப் பிடித்து எழுந்துகொண்டிருந்த அம்மா நின்று திரும்பினார்.

"ஒரே நேரத்துல கூப்பிடலை தம்பி. ஒவ்வொருத்தரும் காலையிலேருந்து கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காங்க. உங்களுக்குத்தான் இப்ப ஒரே நேரத்துல கேக்குது."